சிறு பந்தும் பெரு மனமும்

மேசைப்பந்தைச் சிறுவர் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். மழை நாளில் மண்டபத்துள் ஆடுதற்கு ஏற்றது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பளிக்க நம்மிற் பலருக்கு மனம் வருவதில்லை. அத்தகையோர் இச்சிரோ ஒகிமுரா என்னும் யப்பானிய வீரரின் வரலாற்றை அறிதல் நன்று.

1932ஆம் ஆண்டிலே பிறந்த ஒகிமுரா மிக இளமையிலேயே தந்தையை இழந்தவர். தாயார் உழைத்து அவரை வளர்த்தார். உலக யுத்தத்தில் அழிந்த யப்பான் மெல்ல எழுந்துகொண்டிருந்த காலத்தில், உயர்தரப் பாடசாலை மாணவராயிருந்தபோதுதான் அவர் இவ்விளையாட்டிற் புகுந்தார். தோக்கியோவின் புறத்தே ஒரு பெண்மணி நடத்திவந்த சிறிய மேசைப்பந்துக் கூடமே அவருக்குக் குருகுலமாயிற்று.

சில ஆண்டுகளுள், 1954இல் இலண்டனில் நடைபெறவிருந்த உலகப் போட்டிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். ஆனால் பயணச் செலவுக்கு வேண்டிய பெருந்தொகையை வீரரே தேட வேண்டியிருந்தது. விதவைத் தாயின் மகன் எங்கே போவான்? கூடத்து நண்பர்கள் புகையிரத நிலைய வாயில்களிலே நின்று வழிப்போக்கரிடம் நிதி திரட்டினர். யுத்தத்தால் நொந்த மக்கள் தம் கையிலிருந்த சில்லறையை ஈந்தனர். முன்பின் அறியாத ஓர் இளைஞனை நம்பி அவர்கள் கொடுத்த அந்நாணயங்களை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

இலண்டனில் அவரை எதிர்நோக்கியது பந்து மட்டுமன்று. யுத்தம் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. யப்பானியர் மீதான கசப்பு ஆங்கில மக்களிடையே இன்னும் ஆறவில்லை. அத்தகைய சூழலிலே, 21 வயதான அம்மாணவர் இறுதியாட்டத்தில் சுவீடன் வீரர் தாகே பிளிஸ்பேர்க்கை வென்று உலகச் சம்பியனானார்.

தனியாட்டப் பட்டத்தை 1956இல் மீண்டும் பெற்றார். 1957ஆம் ஆண்டு இறுதியாட்டத்திலே தம் நாட்டவரான தொசியாக்கி தனக்காவிடம் தோற்றார். ஆயினும் 1961ஆம் ஆண்டளவில் தனியாட்டம், இரட்டையர் ஆட்டம், கலப்பு இரட்டையர் ஆட்டம், குழுவாட்டம் எனப் பன்னிரண்டு உலகப் பட்டங்கள் அவருடையவாயின.

அவர் கைக்கொண்ட கொள்கையொன்று மாணவர் மனங்கொள்ளத் தக்கது. நூற்றுக்கு 51 பங்கு வெற்றி வாய்ப்பு இருக்குமாயின் துணிந்து அடித்துவிட வேண்டும் என்பதே அது. முழு நிச்சயம் வரட்டும் என்று காத்திருப்பவனைப் பந்து காத்திருப்பதில்லை. பரீட்சையிலும் தொழிலிலும் தயங்கித் தயங்கியே காலத்தை இழப்போர் நம்மிடையே எத்தனை பேர்! ஆனால் அந்த 51 பங்கு, அன்றாடம் ஓயாது பயின்றவனுக்கே கிட்டுவதென்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆட்டத்தை விட்டபின் அவர் தம் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை. தம் நாட்டுக்குப் போட்டியாக வரக்கூடிய சுவீடன் வீரர்களுக்கும் பயிற்சியளித்தார். 1971ஆம் ஆண்டில், யப்பானின் நகோயா நகரிலேயே, சுவீடன் இளைஞரான ஸ்தெல்லன் பெங்ட்சன் யப்பானிய வீரரை இறுதியாட்டத்தில் வென்று உலகப் பட்டம் பெற்றார். அயலானுக்குக் கற்பித்தால் நம் பங்கு குறைந்துவிடும் என்று அஞ்சும் மனத்துக்கு இவை விளங்கா.

1987இல் அவர் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத் தலைவரானார். அப்பதவியில் அவர் செய்த அரும்பணி 1991இல் யப்பானின் சீபா நகரிலே வெளிப்பட்டது. பல்லாண்டுகளாகப் பிரிந்து பகைத்திருந்த வட கொரியாவும் தென் கொரியாவும், அவருடைய இடையறாத முயற்சியால், உலகப் போட்டிக்கு ஒரே குழுவாக வந்தன. வெண்கொடியில் நீல நிறத்திலே பிரிவற்ற கொரியாவின் வடிவம் தீட்டப்பட்டிருந்தது. தென்னவரான யுன் ஜொங் குவாவும் வடவரான லீ புன் குயியும் ஒன்றாய் நின்றாடிய பெண்கள் குழு, தொடர்ந்து எட்டு முறை வென்றிருந்த சீனாவை வீழ்த்தியது.

அவ்வொற்றுமை நெடுநாள் நீடிக்கவில்லை என்பது உண்மையே. அரசுகள் மீண்டும் தத்தம் வழியே சென்றன. 1994 டிசம்பரில் ஒகிமுராவும் 62 வயதிற் காலமானார். எனினும், ஒருமுறை இயன்றது இயலாததென்று இனி எவரும் சொல்ல முடியாது.

பட்டங்கள் பன்னிரண்டினும் இவ்வொன்றே பெரிதென்பது நம் எண்ணம். புகையிரத நிலையத்திலே அந்நியர் இட்ட நாணயத்துக்கு அவர் செலுத்திய வட்டி அதுவே போலும்.