உப்புத் தண்ணீர் ஊரில் ஆர்க்கிட்

ஆர்க்கிட் பார்க்க ஏற்காட்டுக்குப் போ என்பார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது, மலைக்குளிரும் இருக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் கலப்பின ஆர்க்கிட் பூத்திருப்பதாக நண்பர் சொன்னதும் நம்பிக்கை வரவில்லை. காட்பாடியிலிருந்து பேருந்து பிடித்து பாகாயத்தில் இறங்கினேன்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற செவிலியர். மாடியில் கால் வைத்ததும், "தம்பி, தலை பாத்து வாங்க" என்றார். தலைக்கு மேலே நிழல்வலை. அதற்குக் கீழே கம்பியில் மரக்கூடைகள். ஒவ்வொரு கூடையிலிருந்தும் வேண்டா ஆர்க்கிட்டின் வேர்கள் வெறும் காற்றில் முழநீளம் தொங்கின. மண் என்ற பேச்சே இல்லை. காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழும் செடி இது. வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறைதான் ஈரத்தை உறிஞ்சுகிறது. காய்ந்தால் வேர் வெள்ளையாகும்; தண்ணீர் பட்டால் பச்சையாகும். ஊற்றும் நேரத்தை வேரே சொல்லிவிடும்.

அடுத்த வரிசையில் டென்ட்ரோபியம். ஊதாவும் வெள்ளையும் கலந்த 'சோனியா' கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கல்யாண மேடைகளில் நாம் பார்க்கும் ஆர்க்கிட் பெரும்பாலும் இதுதான். வெயில் ஊருக்கு ஏற்ற கலப்பினம். பலனாப்சிஸ் என்ற இன்னொரு ஆர்க்கிட் அப்படியல்ல, இரவில் குளிர் இறங்கினால்தான் பூந்தண்டு விடும். அதனால் மார்கழி, தை மாதங்களுக்காகக் காத்திருப்பதாக அம்மா சொன்னார்.

ஆர்க்கிட்டைச் செயற்கையாகக் கலந்து பூக்க வைத்த முதல் முயற்சி 1856இல் இங்கிலாந்தில் வென்றது. விதையோ தூசிபோல நுண்மையானது. தனக்கென்று உணவுச் சேமிப்பு இல்லாதது. காட்டில் ஒரு பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. சர்க்கரை கலந்த ஊடகத்தில், பூஞ்சை இல்லாமலே குடுவைக்குள் அதை முளைக்க வைக்க முடியும் என்று 1922இல் லூயிஸ் நட்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். பணக்காரர் வீட்டுப் பூ பாகாயத்து மாடிக்கு ஏறிய வழி அதுதான். கலப்பினங்களில் நமக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் மாமரங்களிலும் புளியமரங்களிலும் தொற்றி வளரும் வேண்டா டெசலேட்டா, வாசனைக்குப் பெயர்பெற்ற 'மிமி பாமர்' கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று.

அன்று டென்ட்ரோபியத்துக்குத் தொட்டி மாற்றும் நாள். அதற்கென்று வரும் தோட்டக்காரர் முன்பு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் ஊறல் தொட்டி வேலை பார்த்தவர். கத்தியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, அழுகிய வேரை மட்டும் நறுக்கினார். ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குப் போகாமலிருக்கத்தான் தீ. வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவினார். அடியில் ஓட்டாஞ்சில்லு, மேலே அடுப்புக்கரி, இடையிடையே தேங்காய் மட்டைத் துண்டு. இலை உதிர்ந்த பழைய தண்டுகளை நான் காட்டியபோது தலையாட்டினார்: "அத வெட்டக் கூடாது சார். சாப்பாடு அதுலதான் இருக்குது. கணுவுல குட்டியும் வுடும்."

மட்டைத் துண்டுகள் பல நாள் ஊறியவை. தினமும் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள். மட்டையிலும் உப்பு உண்டே! "தோலுக்கு உப்பு போட்டாத்தான் அழுவாது. இதுக்கு உப்பு பட்டா வேரு அழுவிப் போவுது" என்றார் அவர். "அவர் சொன்ன பிறகுதான் போர்த் தண்ணிய நிறுத்தினேன்" என்றார் அம்மா. போர்த் தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இரண்டிலும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் கருவியை வைத்துக் காட்டினார். போர்த் தண்ணீரில் நாலு இலக்கம். மழைத் தண்ணீரில் இரண்டே இலக்கம். ஆர்க்கிட்டுக்கு 200க்குள் இருந்தால் நல்லது.

இந்த வட்டாரத்தில் உப்பு என்றால் சும்மா விஷயமில்லை. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, ஊறலில் கழுவப்பட்டுக் கழிவோடு போய்ப் பாலாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான். பூமிக்கடியில் தானாகவே உள்ள உப்பும் சேர்ந்துகொள்கிறது. எந்த உப்பானாலும் ஆர்க்கிட் வேர் அதை மறைக்காது. நுனி கருகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மாவின் வீட்டுக் கூரை நீர் குழாய் வழியே ஒரு தொட்டிக்கு வருகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது 2003இல். பல வீடுகளில் அது பேருக்கு ஒரு குழாயாக நிற்கிறது. இங்கே அதை நம்பித்தான் பூவே இருக்கிறது. தொட்டித் தண்ணீர் கோடை முழுக்க வராது. அப்போது வேண்டாவுக்குத்தான் முதல் உரிமை.

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலனாப்சிஸில் தொடங்க வேண்டாம். ஒரு டென்ட்ரோபியம் வாங்குங்கள். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு அதில்தான் அதிகம். காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் குருத்து காயட்டும். ஜவ்வாது மலைக்குப் போனால் மரத்திலிருக்கும் ஆர்க்கிட்டைப் பிடுங்கி வராதீர்கள். செடி வாங்கும் முன் மழைத் தொட்டியைச் சரிசெய்யுங்கள்.