தோலும் ஓடும்

எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் மூணு வகை. முதல் வகை, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அரிசி இல்லாமல் எரியாமல் கிடந்த நாட்கள். ரெண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு என் மாமியார் வந்துபோன நாட்கள். மூணாவது, 2023 மே மாசத்தில் எங்களுடைய 25ஆவது கல்யாண நாள். இந்த மூணாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் ரெண்டையும் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கல்யாண நாளுக்கு ரெண்டு நாள் முந்தி போனில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு மரப்பலகை. அதன்மேல் சீஸ் துண்டு, திராட்சைக் கொத்து, உப்பு பிஸ்கட், பாதாம் பருப்பு, சின்னக் கிண்ணத்தில் தேன், ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி. படத்துக்குப் பின்னாடியே அவளும் பேசினாள்.

"அம்மா, அன்னைக்கு நீ அடுப்புப் பக்கமே போகக்கூடாது. சமைக்கவே வேணாம். வெட்டி அடுக்குனாப் போதும். இனிப்பு கொஞ்சம், காரம் கொஞ்சம், புளிப்பு கொஞ்சம், மொறுமொறுன்னு கொஞ்சம். நீயும் அப்பாவும் மொட்டைமாடியில உக்காந்து சாப்பிடுங்க. ரொமான்டிக்கா இருக்கும்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். போனை வைத்த பிறகு, 'சமைக்கவே வேணாம்' என்று அவள் சொன்னது மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. பிள்ளை ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் எங்க வீட்டில் சமைக்காத தட்டுக்கு வேற அர்த்தம் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

எங்க பாட்டி, அப்பாவைப் பெத்தவள், வருசம் பூராவும் மேலத்தெருக்காரர்கள் காட்டில்தான் கிடந்தாள். களை எடுத்தாள், கடலை பிடுங்கினாள், மிளகாய்ப்பழம் பறித்தாள். நெல்லை அறுத்து அடித்துத் தூற்றி மூட்டையாக்கிக் கொடுத்தவர்கள் எங்க ஆட்கள். அந்த நெல்லுக்குத் தீட்டு கிடையாது. பாட்டி வளர்த்த கோழி இட்ட முட்டையை வாங்கிக்கொள்வார்கள். முருங்கைக்காய் வாங்கிக்கொள்வார்கள். கொல்லையில் பழுத்த வாழைத்தாரை வாங்கிக்கொள்வார்கள். பாட்டி திண்ணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அந்தம்மா வந்து எடுத்துக்கொண்டு போகும். திரும்ப வந்து பாட்டியின் சட்டியில் பழைய சோற்றை உயரத்தில் இருந்து ஊற்றும். இதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஆறேழு வயசு இருக்கும்.

ஒருநாள் பாட்டியிடம் கேட்டேன். "நம்ம முட்டையைத் திங்கிறாக. நீ வச்ச கொழம்பத் திம்பாகளா?"

பாட்டி சிரித்தாள். "முட்டைக்கு ஓடு இருக்குல்லடி. வாழப்பழத்துக்குத் தோலு இருக்கு. ஓடும் தோலும் இருக்கிற வரைக்கும் நம்ம கை உள்ள போகாதாம்."

படிக்காதவள் சொன்னது. பிறகு நான் கல்லூரிக்குப் போய் எத்தனையோ படித்தேன். தீட்டைப் பற்றி இதைவிட லேசாக யாரும் எனக்கு விளங்கவைக்கவில்லை. பச்சையாக இருக்கிற வரைக்கும் பண்டம் பூமியில் விளைந்தது. தண்ணி பட்டு, தீ பட்டு, கை பட்டுவிட்டால் அது எங்களுடையதாகிவிடுகிறது.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 1998இல். அவர் கல்லூரியில் எனக்கு ஒரு வருசம் மூத்தவர். ஆதிக்க சாதி. 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியலாம் என்றுதான் முதலில் பேசினோம். அதில் 30 நாள் அறிவிப்பு ஒட்டவேண்டும். பெயரும் முகவரியும் அலுவலகத்தில் 30 நாள் தொங்கினால் இவர் வீட்டு ஆட்கள் கையில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் தோழர்கள் வேறு வழி சொன்னார்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும்படி ஆக்கியிருந்தார்கள். ரெண்டு மாலை, சாட்சிக்கு நாலு பேர், ஐயர் கிடையாது, அக்னி கிடையாது. எங்க அம்மா ஒரு எவர்சில்வர் தாம்பாளம் மட்டும் கொண்டுவந்தாள். அதில்தான் மாலைகள் இருந்தன. இன்றைக்கும் அந்தத் தாம்பாளம் வீட்டில் இருக்கிறது.

மூணு வருசம் மாமியார் எட்டிப் பார்க்கவில்லை. மகள் பிறந்து எட்டு மாசத்தில் ஒருநாள் வந்து நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறி எடுத்தால் ஏதாவது நினைப்பாரோ என்று சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், சேமியாப் பாயசம் எல்லாம் வைத்தேன். இலை போட்டேன்.

"இந்தா இருக்கட்டும்மா. பஸ்ஸுல வந்தது வயித்துக்கு ஒத்துக்கல."

மத்தியானமும் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணி அவர் கையோடு ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். கடைசியில் இவர் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போனார். ஒரு சீப்பு வாழைப்பழம், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், ஒரு இளநி. இளநியைக் கடைக்காரரே சீவிக் கொடுத்திருந்தார். மாமியார் பழத்தைத் தானே உரித்துத் தின்றார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வாயிலும் ஒரு துண்டு வைத்தார். பேத்திக்குத் தீட்டில்லை. பேத்தி அவர் மகனுடைய ரத்தம்.

அதுக்குப் பிறகு வருசத்துக்கு ரெண்டு தரம் வருவார். பதினாலு வருசம். நான் கற்றுக்கொண்டேன். அவர் வருகிற நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. நாங்களும் பழம், பிஸ்கட், பொட்டலச் சேவு என்று ஒப்பேற்றிவிடுவோம். வெளியில் இருந்து பார்த்தால் மருமகளுக்கு மாமியார் ஓய்வு கொடுக்கிறார் என்றுதான் தோணும்.

ஒருதரம் வம்புக்கென்றே ஒன்று செய்தேன். கமலா ஆரஞ்சு நாலு வாங்கினேன். ரெண்டை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்தேன். ரெண்டை உரிக்காமல் பக்கத்திலேயே வைத்தேன். மாமியார் உரிக்காத ரெண்டையும் தின்றார். உரித்தது அப்படியே இருந்தது. சாயங்காலம் சுளையெல்லாம் காய்ந்து தோல் தடித்துவிட்டது, எறும்பு ஏறிவிட்டது. அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் அந்தத் தட்டைப் பார்த்தார். எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டித் தட்டைக் கழுவி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

1936இல் லாகூர் மாநாட்டுக்கென்று அம்பேத்கர் ஒரு உரை எழுதினார். மாநாட்டுக்காரர்கள் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அதைத் தன் செலவில் புத்தகமாக அச்சடித்தார். சாதி ஒழிய சேர்ந்து சாப்பிடுவது மட்டும் போதாது, கலந்து மணம் செய்வதுதான் மருந்து என்று அதில் சொல்லுகிறார். கல்யாணத்துக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படித்த புத்தகம் அது. எங்க வீட்டில் நடந்தது தலைகீழ். கலந்த மணம் நடந்துவிட்டது. சேர்ந்து ஒருவாய் சோறு மட்டும் நடக்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அருந்ததியப் பெண் சமைத்த காலைச் சிற்றுண்டியைத் தங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று பெற்றோர் நின்றார்கள். கலெக்டரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. அரிசி மூட்டையை யார் தூக்கினார்கள், காய்கறியை யார் பறித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. உலையில் போட்ட கையைத்தான் கேட்டார்கள். என் பாட்டி சொன்ன ஓடும் தோலும்தான்.

பாட்டி சொன்னதை நினைத்துக்கொண்டே கல்யாண நாள் அன்றைக்குச் சந்தைக்குப் போனேன். மகள் சொன்னபடி அடுப்பு மூட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் ஓடோடும் தோலோடும் ஒரு பண்டம்கூட அந்தத் தட்டில் இருக்கக்கூடாது என்றும் முடிவு செய்தேன். தீ இல்லாவிட்டால் என்ன, என் கை இருக்கிறது, என் குழாய்த் தண்ணி இருக்கிறது.

மத்தியானமே பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தேன். அதில் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கையால் பிசிறினேன். கெட்டி அவலைக் கழுவி இருபது நிமிசம் ஊறவைத்து, கருப்பட்டியைச் சீவிப்போட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டுப் பிசைந்தேன். அரிசி இல்லாத நாட்களில் எங்க அம்மா இதைத்தான் கொடுப்பாள், ஏலக்காய் இல்லாமல். பச்சைக்கடலையை ஊறவைத்துத் தோல் உரித்தேன். கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவினேன். வெள்ளரிப்பிஞ்சுக்கு முன்னாடியே உப்பு போட்டால் தண்ணி விட்டுவிடும், அதனால் கடைசியில்தான் போட்டேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளையில் கொட்டை எடுத்தேன். மகள் ஆசைக்காக நாலு துண்டு சீஸும் வாங்கி, அரைமணி நேரம் முந்தியே பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். அவர் பங்குக்குச் சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வாங்கிவந்தார். நுங்கை உரித்து வைத்தால் காய்ந்துபோகும். அதை மட்டும் அப்படியே மாடிக்குத் தூக்கிக்கொண்டோம். எல்லாம் அந்த எவர்சில்வர் தாம்பாளத்தில்தான் வைத்தேன்.

இருட்ட ஆரம்பித்திருந்தது. அன்றைக்குக் காற்று இருந்தது, மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அவர் ஒரு சுளை எடுத்தார். நான் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த ஆரஞ்சு ஞாபகம் இருக்கா?"

எந்த ஆரஞ்சு என்று அவர் கேட்கவில்லை. கையில் எடுத்த சுளையை வைத்துவிட்டார்.

"இருக்கு."

"அன்னைக்கு எதுக்குக் குப்பையில கொட்டுனீங்க? நீங்களாவது தின்னுருக்கலாம்ல?"

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நீ பாத்துறக் கூடாதுன்னுதான் கொட்டுனேன்" என்றார்.

"நான் ஏற்கெனவே பாத்துட்டேன். எங்க அம்மா வராம நின்னுருவாகன்னு பயந்தீங்க. அது எனக்கும் வெளங்கும். ஆனா பதினாலு வருசத்துல ஒருநா, ஒரே ஒருநா, 'அம்மா, அவ சமைச்சதச் சாப்பிடு'ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க கடைக்குப் போயி பிஸ்கட்டு வாங்கிட்டு வந்தீக."

"கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டா அவுங்க மாட்டேன்னு சொல்லுவாங்க. அதை என் காதால கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் சமாதானம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இது உண்மை. உண்மையிடம் என்ன சண்டை போடுவது? மன்னித்துவிட்டேன் என்றும் நான் சொல்லவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆகிறது. என் கைச்சோறு ஒருவாய்கூடத் தின்னாமல்தான் போனார். அதை யாராலும் இனிமேல் திருத்த முடியாது.

அவர் நுங்கை எடுத்து நகத்தால் தோல் உரித்து என் கையில் வைத்தார். நான் அவலை உருண்டை பிடித்து அவரிடம் நீட்டினேன். அப்படியே ஒம்பது மணிவரைக்கும் தின்றுகொண்டே இருந்தோம். நடுவில் கல்லூரிக் கதையெல்லாம் வந்தது. சிரிக்கவும் சிரித்தோம். தாம்பாளத்தில் நாலு சேவுத்தூள்தான் மிச்சம். சீஸை ரெண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

மகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். "என்னம்மா இது, எல்லாத்தையும் பிசைஞ்சு வச்சிருக்க? வாழைப்பழம் ஒண்ணுகூட இல்ல?" என்று கேட்டாள்.

அதுதான் என்னை இதை எழுத வைத்தது. ஆத்தா நினைவுநாளில் வருசாவருசம் படத்துக்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் வைப்பவள் என் மகள். "எங்க ஆத்தாவுக்கு வாழைப்பழம்னா உயிரு" என்று சிநேகிதிகளிடம் சொல்லுவாள். எட்டு மாசத்தில் வாயில் வைத்த அந்தத் துண்டில் ஆரம்பித்து அவள் பார்த்தது அவ்வளவுதான். பிள்ளை மனசில் நஞ்சு கலக்கவேண்டாம் என்று நாங்க ரெண்டு பேரும் மறைத்தோம். இப்போது அவளுக்கும் கல்யாண வயசு. நாளைக்கு அவள் போகிற வீட்டில் யாராவது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றால், அவளுக்கு அது விளங்கவேண்டும்.

அடுத்த தடவை லீவில் வரும்போது சொல்லிவிடலாம் என்றார் அவர். நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க என்றேன். சரி என்றிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் போகிறேன்.