உண்ணிக் காய்ச்சல்

பொழுது சாயும் நேரத்தில் அம்மாயி கட்டுத்தரைக்கு வந்துவிடுவார். காது மடலுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில் அவர் விரல்கள் உண்ணியைத் தேடும். சீமெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியை ஏந்தி நிற்பது என் வேலை. ரத்தம் குடித்துப் பருத்த உண்ணியைக் கீழே போடவே விடமாட்டார். "கீழ உளுந்தா முட்டை வெச்சுரும் கண்ணு" என்பார்.

தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றத் தொடங்கிய காலம் அது. அப்புச்சியின் காங்கேயம் பசுக்களோடு ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒரே மேய்ச்சல்தான், ஒரே உண்ணிதான். ஐப்பசி மழைக்குப் பின் சீமை மாடு மட்டும் சோளத்தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அசை போடுவதும் நின்றது. தொட்டால் உடம்பு கொதித்தது. விடிந்ததும் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. அம்மாயி வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மாட்டு டாக்டர் வந்து கீழிமையை இழுத்துப் பார்த்தார், வெளிறிக் கிடந்தது. காய்ச்சல் 106 டிகிரி. காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டார். "உண்ணிக் காய்ச்சலுங்கம்மா" என்று சொல்லி ஊசி போட்டார். மெல்ல மூத்திரம் தெளிந்தது. மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தது.

அந்தக் காய்ச்சலைத் தந்த கிருமியின் பெயர் பபீசியா என்று பின்னாளில் படித்தேன். சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்து வெளியேறும் ஒட்டுண்ணி. உடைந்த அணுக்களின் நிறமே மூத்திரத்தில் இறங்குகிறது. இதைக் கடத்துவது உண்ணிதான் என்று அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். தாய் உண்ணியின் முட்டை வழியாகவே கிருமி குஞ்சுகளுக்கும் போய்விடுகிறது. ஓர் உண்ணி இடும் முட்டைகளோ ஆயிரக்கணக்கில். நாட்டு மாடு கிருமியைச் சுமந்தும் திடமாக நிற்கும். அதிலிருந்து உதிர்ந்த உண்ணியின் குஞ்சுகள் ஏறினால் கலப்பின மாடு தாங்காது. பள்ளிக்கூடம் போகாத அம்மாயி கொட்டாங்குச்சியில் முடித்துவைத்தது அடுத்த தலைமுறைக் காய்ச்சலையும் சேர்த்துத்தான்.

கறவை மாடு வளர்ப்பவர்களைப் பார்த்தால் இன்றும் உரிமையோடு சொல்கிறேன்: உண்ணி பிடுங்குவதை நாளைக்குத் தள்ளாதீர்கள். மூத்திரத்தின் நிறம் மாறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் வற்றிப்போன பிறகு எந்த ஊசியாலும் மாட்டை எழுப்புவது கடினம்.