வராத அணிகளும் வந்த படகுகளும்

1996 உலகக் கோப்பையைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு மண்டபம் அகதிகள் முகாம்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் பள்ளி மாணவன்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய போட்டி அது. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே ஆட மறுத்தன. நம்பிக்கையூட்டுவதற்காக இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு சென்று பிப்ரவரி 13 அன்று ஆடினர். பயனில்லை. ஆட்டங்களை வேறிடத்துக்கு மாற்றவும் இல்லை. ஆடாமலே புள்ளிகள் இலங்கைக்குப் போயின.

மார்ச் 17 அன்று லாகூரில் அதே ஆஸ்திரேலியாவை இலங்கை வென்றது. மறுநாள், முகாமிலிருந்து வரும் வகுப்புத் தோழனிடம், "உங்கள் நாடு ஜெயித்துவிட்டதே!" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"பயந்து வராத ஆக்களுக்கு ரெண்டு புள்ளிதான் நட்டம். பயந்து வந்த எங்களுக்கு வீடு, வளவு எல்லாம் போச்சு."

2025 சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா பாகிஸ்தான் செல்ல மறுத்தபோது, அதன் ஆட்டங்கள் துபாய்க்கு மாற்றப்பட்டன. அணிகளுக்கு எப்படியோ மாற்று மைதானம் கிடைத்துவிடுகிறது. மண்டபம் முகாம் இன்னும் இருக்கிறது.