மாமா கொண்டுவந்த டப்பா

கடைசி செமஸ்டர் தேர்வு வாரம். ஐந்து தாள்களில் இரண்டு முடிந்திருந்தன. மறுநாள் மூலக்கூறு உயிரியல். நான் பிள்ளையார்பாளையம் வீட்டுத் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் செய்யாறு பஸ்ஸில் வந்து இறங்கிய மாமா, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் முன்னால் வைத்தார்.

திறந்தால் பட்டுப்புழுக்கள். உடம்பு மஞ்சளித்து, கணுக்கணுவாய் வீங்கிக் கிடந்தன. தொட்டதும் தோல் கிழிந்து பால் போல வழிந்தது.

"முட்டையிலயே நோய் இருந்திருக்கும்மா. இருநூறு முட்டைத் தொகுதி, மொத்தமும் போச்சு. நீ விலங்கியல்தானே படிக்கிற? முட்டைதான் கெட்டதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு. புழு கொடுத்தவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

இளம்புழு வாங்கியதில் பாதிப் பணத்தை அவர் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். "நாப்பது வருஷமா பட்டு நெய்யறேன். புழுவை இப்பதான் பார்க்கறேன்" என்றார். காஞ்சிபுரத்துக்கு நூல் வருகிறது, புழு வருவதில்லை. நான் பி.காம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. "பூச்சி படிச்சு என்ன பண்ணப்போற?" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ பூச்சிதான் பிடித்தது. ஒரு புழு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையை அறுபடாமல் நூற்கிறது என்று படித்த நாளிலிருந்து, வீட்டில் கிடக்கும் நூல் கண்டுகளை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

மறுநாள் தேர்வு முடிந்ததும் எங்கள் பேராசிரியையிடம் கேட்டேன். ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். புழுவின் உடல்நீரில் ஒரு சொட்டு எடுத்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன்.

முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும் நோய் பெப்ரின். அதன் வித்துகள் நெல்மணி போல நீள்வட்டமாக மின்னும். 1865-ல் பிரான்ஸ் நாட்டுப் பட்டு விவசாயிகளுக்காக லூயி பாஸ்டர் ஆராய்ந்தது இந்த நோயைத்தான். புழுக்களைக் கொன்றது ஒரு நோயல்ல, இரண்டு வேறு நோய்கள் என்று பிரித்தறிய அவருக்கே சில வருடம் ஆனது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அவர் கொடுத்தது. முட்டை வித்தகங்களில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் பார்த்த சொட்டில் நீள்வட்டம் ஒன்றுகூட இல்லை. ஆறு பக்கம் கொண்ட படிகங்கள்தான் திரளாகப் பளபளத்தன. பத்துப் புழுக்களிலும் அதேதான். கிராசரி என்கிற பால்புழு நோய். வைரஸால் வருவது.

அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் செய்தேன். "மூணாவது பருவத்துல புழு செத்துச்சா மாமா?"

"ஒண்ணுகூட சாகலை. அஞ்சாவது பருவம் நாலாம் நாள்தான் ஆரம்பிச்சது."

எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த வைரஸ் உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் புழு விழுந்துவிடும். இரண்டாம் தோலுரிப்பு முடிந்து புழு மாமா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இளம்புழு மையத்திலேயே நோய் பிடித்திருந்தால் மூன்றாம் பருவத்திலேயே சாவு தெரிந்திருக்கும். அப்படியென்றால் நோய் பிடித்தது மாமாவின் புழு வளர்ப்பு மனையில்தான்.

மெதுவாகக் கேட்டேன். போன தொகுதி கூடு இறக்கியபின் எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? இரண்டு நாள். மருந்து அடித்தீர்களா? "இலை முத்திப்போகுதேன்னு விட்டுட்டேன்." போன முறை செத்த புழுக்களை எங்கே போட்டீர்கள்? "மல்பெரி வரப்போரம்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில், "நான் எழுதிக் கொடுக்க முடியாது மாமா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன், ஒரு வரி ஏறவில்லை. என்னைப் பத்தாவது வரை பள்ளிக்கு சைக்கிளில் கொண்டுவிட்டவர் அவர்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "சரி, என்ன செய்யணும் சொல்லு."

சொன்னேன். அந்தப் படிகத்துக்குள் வைரஸ் பத்திரமாக இருக்கும். மண்ணிலும் தட்டிலும் நீண்ட காலம் அழியாமல் கிடக்கும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது, அங்கே போனதும் படிகம் கரைந்து வைரஸ் வெளியே வருகிறது. அதனால்தான் பிளீச்சிங் பவுடரோடு சுண்ணாம்பு சேர்க்கச் சொல்கிறார்கள். சுண்ணாம்பின் காரம் படிகத்தைக் கரைக்கும், குளோரின் உள்ளிருப்பதைக் கொல்லும். எங்கள் ஊரில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பட்டின் பசையை எடுப்பதும் காரத்தை வைத்துத்தான். அப்பா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்பகுதியில் பால்புழு பற்றிக் கேட்கும் வாசகர்களுக்கும் அதையே எழுதுகிறேன்:

பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கூடு இறக்கியதும் ஒருமுறை, மனையைக் கழுவியபின் அடுத்த புழு வருவதற்கு மூன்று நாள் முன்பு இன்னொரு முறை தெளிக்கவும். சுவர், தரை, அடுக்கு, சந்திரிகை எதுவும் விடுபடக் கூடாது. தெளிப்பவர் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும். நோய்ப்புழுக்கள் அடுக்கின் ஓரத்தில் அமைதியில்லாமல் அலையும். அவற்றை வெடிக்கவிடாமல் பொறுக்கி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரில் போட்டு, தோட்டத்துக்குத் தள்ளி ஆழமாகப் புதைக்கவும். குப்பையிலோ வரப்பிலோ போட்டால் இலை வழியாகத் திரும்பி வரும். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் படுக்கைக் கிருமிநாசினி தூவவும்.

இந்தக் கேள்வி எதுவும் தேர்வில் வரவில்லை. மூலக்கூறு உயிரியலுக்கு அடுத்த தாளில் எனக்கு மதிப்பெண் குறைவுதான்.

மாமா இளம்புழு மையத்துக்குத் தர வேண்டிய மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார். பத்து நாள் இடைவெளி விட்டு நூறு முட்டைத் தொகுதி மட்டும் எடுத்திருக்கிறார். இப்போது நான்காம் பருவம். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். நான் எடுப்பதற்குள் அப்பா எடுத்து, "புழு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்.