காரை ஓடையில் ஒரு பாடம்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக்கு அருகே, மழைநீர் அரித்த மேடும் ஓடையுமாக ஒரு வறண்ட நிலம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் அது. அதன் வெடிப்புகளில் மின்னுவது ஜிப்சம். நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் நகக்கீறல் விழாது. அதைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது.

போன பட்டத்தில் ஒரு விவசாயி, 'ஜிப்சம் போட்டும் களர் மாறலையே சார்' என்று மூட்டையைக் காட்டினார். சாறு விட்டேன், நுரை பொங்கியது. அது சுண்ணாம்புத்தூள்! களரை அது திருத்தாது. கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பவர்களும், மூட்டையைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்துவிடுங்கள். நுரை பொங்கினால் வயலில் கொட்டாதீர்கள்.