கறுப்பில் வரையும் வண்ணங்கள்

தின்னர் வாசனை தெருமுனையிலேயே வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கும் நம்மூர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் வீசுகிற அதே வாசனைதான். ஆனால் சென்னையின் தென்கோடியில் இருக்கும் இந்தப் பட்டறையில் அடிப்பது குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள். முதல் பக்கத்திலிருந்து பின்னட்டைவரை கையாலேயே.

நான் பார்க்கப் போனது ஓவியரை. படம் போடுகிறவருக்குப் பட்டறையில் என்ன வேலை? வீட்டிலேயே வரைந்து, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவர்கள்தான் இன்று அதிகம். இந்தப் பெண் அப்படியில்லை. அச்சடிக்கிற இடத்திலேயே ஒரு மூலையில் விளக்குப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கிறார். பெட்டிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மூன்றிலும் கறுப்பு மைதான்.

ஒரு தாளில் மரத்தின் இலைகள் மட்டும். இன்னொன்றில் அதே இலைகளோடு வானமும் குளமும். மூன்றாவதில் அடிமரம், பறவை, நரம்புக் கோடுகள். முதல் தாள் மஞ்சளாகவும், இரண்டாவது நீலமாகவும், மூன்றாவது அடர்சிவப்பாகவும் அச்சாகும். பச்சை எங்கே என்று கேட்டேன். “பச்சைக்குன்னு தனி ஸ்கிரீன் கிடையாது சார். மஞ்சள்மேல நீலம் விழுற இடம் பச்சை” என்றார். ஆக, வண்ணப் படம் போடுகிறவர் வாரக்கணக்கில் வண்ணத்தையே தொடுவதில்லை. எது எதன்மேல் விழும், விழுந்து என்னவாகும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றதெல்லாம் இருட்டறை வேலை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில் எமல்ஷன் தடவிக் காயவைக்கிறார்கள். ஓவியரின் தாளை ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட எமல்ஷன் இறுகிவிடும். கறுப்பு மை மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரு தாளின் ஒரு முகத்துக்கு 3 வண்ணம், 3,000 பிரதி என்றால் 9,000 முறை கை இழுத்தாக வேண்டும். இழுக்கிறவர்களின் வலது தோளைப் பார்த்தாலே தெரிகிறது.

பையில் என் பிரதி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன்: தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்தது. கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டது. பட்டறையின் மூத்த அச்சாளர் வாங்கிப் பார்த்தார். படத்தைப் பார்க்கவில்லை, விரலால் தடவினார். “கறுப்புத் தாள்ல இந்த மஞ்சள்மேல நீலக் கணக்கெல்லாம் செல்லாது. கெட்டி மை வேணும், இல்லேன்னா தாள் குடிச்சிரும்.” தாளின் நிறம் மாறினால் ஓவியர் யோசிக்கிற விதமே மாற வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த மூவரின் கதையிலும் இன்னொருவர் கை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்தில் சுவரில் வரைந்துகொண்டிருந்த ஜன்கட் சிங் ஷியாமை, 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழு போபாலுக்கு அழைத்து வந்தது. உறவுக்காரப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். ஜன்கட் உருவத்தைக் கோடாகப் போடுவார். உள்ளே புள்ளியும் கோடுமாக நிரப்புவது பிள்ளைகள் வேலை. அவருடைய உறவினரான பஜ்ஜு ஷியாம் அப்படி நிரப்பிப் பழகியவர்தான். பிறகு ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு நிரப்பும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுவே அவரவர் கையெழுத்தானது. ஓர் உணவகச் சுவரில் வரைய லண்டன் போய்வந்த பஜ்ஜு, பிக் பென் கடிகாரத்தைச் சேவலாகவும் பாதாள ரயிலை மண்புழுவாகவும் போட்டார். நேரம் சொல்வது சேவல்தானே! அது 2004-இல் ‘த லண்டன் ஜங்கிள் புக்’ ஆக வந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

நிரப்புகிறவன் உதவியாளனா, ஓவியனா? போபாலில் அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அச்சுப் பட்டறையில் இன்னும் கிடைக்கவில்லை. மஞ்சளில் ஒரு துளி வெள்ளை சேர்ப்பதா, நீலத்தை எவ்வளவு நீர்க்கவைப்பது, மை இழுக்கும் ஸ்க்வீஜியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவரும் அந்தப் படத்தைப் போடுகிறவர்தான் என்பது என் கட்சி. அவர் பெயர் பெரும்பாலான புத்தகங்களில் இருப்பதில்லை. ஓவியர் பாடும் சுகமில்லை; எழுத்தாளருக்கு ராயல்டி, ஓவியருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. தமிழ்ப் பதிப்புலகில் பல இடங்களில் அசல் படம்கூடத் திரும்பி வருவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு ஸ்கிரீனின் முதல் தாள் இறங்கியது. பறவையின் இறகில் நான்கைந்து கோடுகளைக் காணோம்.

“கோடு ரொம்ப மெலிசும்மா. மெஷ் விடாது.”

“எவ்வளவு தடிப்புண்ணே வேணும்?”

அச்சாளர் பதில் சொல்லாமல் பேனா ஸ்டாண்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தப் பேனாவால் போட்டால் இறகு வேறு பறவையுடையதாகிவிடும் என்றார் ஓவியர். கோடுகளைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டலாமா என்று பேச்சு போனது. கடைசியில் இறகையே மூன்றாவது தாளிலிருந்து எடுத்து நீலத் தாளுக்கு மாற்றுவது என்று முடிவானது. அப்படியானால் நீல ஸ்கிரீனையும் கழுவிப் புதிதாகப் போட வேண்டும். இழுத்துக்கொண்டிருந்த தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டே சிவப்பு மையை டப்பாவுக்குள் வழித்துப் போட்டு மூடினார்.